கைப்பொருள் குறைந்தோரும் டி.ஜே. வித்தையும்

நம் கல்லூரி மாணவருள் டி.ஜே. ஆகவேண்டும் என்னும் அவா உடையோர் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். இதனை ஒரு குறையென்று கூறுவோர் கூறுக. யான் அவ்வாறு கருதுகின்றேனில்லை. எனக்குக் குறையாகத் தோன்றுவது வேறொன்று. இவ்வித்தையிற் புக விரும்பும் இளைஞன் முதற்கண் செய்வது, கடைக்குச் சென்று கருவியின் விலையை வினவுவதேயாம். அவ்விலையைக் கேட்ட மாத்திரத்தில் மனந்தளர்ந்து அவாவையே கைவிடுவோர் ஒரு சாரார். தந்தையார் சேர்த்துவைத்த பணத்தையோ, தாயாரின் நகையை அடகு வைத்துப் பெற்ற தொகையையோ, மாதத் தவணைக் கடனையோ கொண்டு அதனை வாங்கி, மூன்று திங்களுக்குள் அது கட்டிலுக்கடியில் தூசு படிந்து கிடக்கக் காண்போர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரையும் கெடுப்பது ஒரே எண்ணம். கருவியே கலை என்பதே அது. அவ்வெண்ணம் பொய்யென்பதையும், கையிற் பணமில்லாதான் எவ்விடத்திற் சிக்கனம் செய்யலாம், எவ்விடத்திற் செய்தலாகாது என்பதையும் ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

டி.ஜே. என்பது டிஸ்க் ஜாக்கி என்னும் தொடரின் குறுக்கம். அமெரிக்க வானொலி நிலையங்களில் இசைத்தட்டு இடுவோரைக் குறிக்க எழுந்த பெயர் அது. ஜாக்கி என்பான் பந்தயக் குதிரை ஏறுவோன்; எனவே தட்டின்மேற் சவாரி செய்வோன் என்று நாம் பொருள் கொண்டால் பெரும் பிழையில்லை. பிறர் பாடியதை ஒலிக்கவிடுவது ஒரு கலையாகுமோ என்று நம் மூத்த அலுவலர் சிலர் வினவுதலுண்டு. நம் ஊர்களில் மைக் செட் வைத்திருந்தவரை அவர்கள் நினைவுகூர்தல் நன்று. கலியாண வீட்டுப் பந்தலின் ஓரத்தில், இசைத்தட்டுப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த அம்மனிதர், பெண் அழைப்புக்கு ஒன்று, பந்தி நடக்கும்போது ஒன்று, ஊர் உறங்கப்போகும் வேளையில் ஒன்று எனத் தெரிந்தெடுத்து இட்டாரன்றோ? எந்த வேளைக்கு எந்தப் பாட்டு என்று அறிவது இவ்வித்தையின் முற்பாதி. ஒன்றன் முடிவையும் மற்றொன்றன் தொடக்கத்தையும் கேட்போர் கால் தளராவண்ணம் பிணைப்பது பிற்பாதி. இவ்விரண்டில் எதுவும் கடையில் விற்கப்படுவதன்று.

இனி, இவ்வித்தை இன்றைய உருவில் பிறந்த இடத்தை நோக்குவோம். நியூயார்க் நகரின் வடபகுதியாகிய பிராங்க்ஸ், 1970-களில் அந்நகரத்தின் மிக வறிய பகுதிகளுள் ஒன்றாயிருந்தது. 1948-இல் தொடங்கி 1972-இல் முடிக்கப்பெற்ற கிராஸ் பிராங்க்ஸ் விரைவுச்சாலை, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வீடுகளை இடித்துக்கொண்டு அப்பகுதியின் நடுவே ஊடுருவிச் சென்றது. வசதியுள்ளோர் வெளியேறினர், வாடகை வாராத கட்டடங்கள் கைவிடப்பட்டன, தீக்கிரையானவை பல. இத்தகைய இடத்தில், செட்ஜ்விக் நிழற்சாலையில் 1520-ஆம் இலக்கமுள்ள அடுக்குக் கட்டடத்தில் குடியிருந்தது, ஜமைக்காத் தீவினின்றும் வந்த கேம்பல் குடும்பம். அக்குடும்பத்துப் பெண்ணாகிய சிண்டி, பள்ளி திறக்குமுன் புதிய உடைகள் வாங்கப் பணம் வேண்டி, அக்கட்டடத்தின் பொதுக்கூடத்தை வாடகைக்குப் பிடித்து, 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ஆம் நாள் ஒரு நடன விருந்து நடத்தினாள். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு இடும் பொறுப்பு, பதினெட்டு வயதினனாகிய அவள் தமையன் கிளைவ் கேம்பலுடையது. கூல் ஹெர்க் என்று உலகம் இன்று அழைப்பது அவரையே. ஹிப் ஹாப் என்னும் இசைமரபின் பிறந்தநாளாக அந்நாளையே அமெரிக்கர் கொண்டாடுகின்றனர். கையில் காசில்லாத குடும்பத்துத் தங்கை ஒருத்தியின் உடைச்செலவு அதற்கு முதற்காரணம் என்பதையும், விழாவை எண்ணி, இடம் பிடித்து, கட்டணம் குறித்து நடத்தியவள் ஒரு பெண் என்பதையும் நம் மாணவியர் மறவாதிருப்பாராக.

ஹெர்க் அவ்விரவில் பயன்படுத்தியது அவருடைய தந்தையாரின் ஒலிபெருக்கிச் சாதனமே. புதிதாக அவர் கொணர்ந்தது கூர்ந்த நோக்கொன்று. கூடியிருந்தோர் பாட்டு முழுவதற்கும் ஒரே விதமாக ஆடுவதில்லை. பாடகன் குரலும் மற்ற வாத்தியங்களும் ஓய்ந்து, முரசும் தாளமுமே தனித்து ஒலிக்கும் சில நொடிகளுக்காக அவர்கள் காத்திருக்கின்றனர். அப்பகுதி வந்தவுடன் களத்தில் இறங்குகின்றனர். அது முடிந்தவுடன் ஒதுங்குகின்றனர். இதனைக் கண்ட ஹெர்க், ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை வாங்கி, இரண்டு சுழல்தட்டுகளில் வைத்து, ஒன்றில் அம்முழவுப் பகுதி முடியும்போது மற்றொன்றில் அதனையே தொடங்கி, சில நொடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினார். குடைராட்டினம் என்று பொருள்படும் பெயரொன்றை அம்முறைக்குச் சூட்டினார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறைந்த பணமுடைய அவ்விளைஞர் தம் பணத்தைச் செலவிட்டது இசைத்தட்டில். அதிலும் ஒரே தட்டை இருமுறை வாங்குவதில். பார்ப்போர்க்கு அது வீண்செலவாகத் தோன்றியிருக்கும். தம் தட்டுகள் எவையென்று பிறர் அறியாதிருக்க, அவற்றின் பெயர்ச்சீட்டை நீரில் ஊறவைத்து உரித்தெடுக்கும் பழக்கமும் அவருக்கிருந்தது. கருவியை எவரும் காணலாம்; பாட்டின் பெயரைக் காணலாகாது! அவர் எதனைச் செல்வமாக மதித்தார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அடுத்து வந்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் எனப் பெயர்பெற்ற ஜோசப் சாட்லர். பார்பேடோசில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவர். தொழிற்பள்ளியில் மின்னணுவியல் பயின்றவர். ஹெர்க் ஒரு தட்டினின்றும் மற்றொன்றுக்குத் தாவும்போது தாளம் பிசகுகின்றது என்று அவர் கண்டார். பிசகாமல் தாவவேண்டுமாயின், அடுத்த தட்டில் ஊசி எவ்விடத்தில் நிற்கின்றது என்பதை, கூட்டத்தார் கேளாமல் தாம் மட்டும் முன்னரே கேட்டல் வேண்டும். அதற்குரிய வசதியுள்ள மிக்சர் கருவி விலையுயர்ந்தது. (நாம் கொறிக்கும் மிக்சர் அன்று, இரண்டு ஒலிகளைக் கலக்கும் பெட்டி.) ஃபிளாஷ் மலிவான விசையொன்றையும் பிற உறுப்புகளையும் கொண்டு, ஹெட்போனில் ஒருபுறத்து ஒலியை எட்டிப் பார்க்கும் ஏற்பாட்டைத் தாமே அமைத்துக்கொண்டார். தட்டை விரலால் எளிதிற் பிடித்துத் திருப்ப, அதன்கீழிருந்த ரப்பர் விரிப்பு தடையாயிருந்தது. தையற்காரியாகிய தாயின் மகனன்றோ அவர்! ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, அது மடங்காதிருக்கக் கஞ்சியிட்டு விறைப்பாக்கி, ரப்பருக்குப் பதிலாக விரித்துக்கொண்டார். முழவுப் பகுதி தொடங்குமிடத்தைக் காணத் தட்டின்மேலேயே வண்ண மெழுகுக்கோலால் கோடிட்டு, கடிகார முள்ளைப் பார்ப்பதுபோல் அக்கோட்டின் சுற்றுகளை எண்ணினார். இசைத்தட்டை விரலாற் தொடுவதே பாவமென்று எண்ணப்பட்ட காலம் அது. இன்று ஆயிரக்கணக்கில் விலைபெறும் கருவிகளின் திரையில் ஒளிரும் குறிகள் யாவும், அம்மெழுகுக்கோட்டின் பேரப்பிள்ளைகள் என்றால் மிகையாகாது.

இவற்றையெல்லாம் கூறுவதால், வறுமையே கலையைப் பெற்றெடுத்தது என்று யான் பாராட்டுவதாக எவரும் எண்ணற்க. வறுமையைப் புகழ்வது வயிறு நிறைந்தோர் வழக்கம். அவ்விளைஞர்களுக்குத் தந்தையின் சாதனமும், தாயின் தையலறிவும், தொழிற்பள்ளியின் பயிற்சியும் துணைநின்றன. ஒன்றுமே இல்லாதான் ஒன்றும் செய்யவில்லை. கையிலிருந்ததை முற்றும் அறிந்தவனே செய்தான் என்பதே அவ்வரலாறு. நல்ல கருவி வேண்டாதது என்பதும் என் கருத்தன்று. ஜப்பானிய நிறுவனமொன்று 1972-இல் வெளியிட்ட டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என்னும் சுழல்தட்டு, இல்லங்களில் இசை கேட்போர்க்கென அமைந்ததாயினும், வார்ப்பட்டையின்றி மோட்டாரே நேரே தட்டைச் சுழற்றும் அமைப்பால் விரைவில் வேகம் எடுப்பதாயிற்று. 1979-இல் வந்த அதன் இரண்டாம் உருவம், வேகத்தை நூற்றுக்கு எட்டு வரை கூட்டவும் குறைக்கவும் நழுவுகோல் பெற்று, உலகெங்கும் டி.ஜே.க்களின் மேசையேறிற்று. ஆயினும் அக்கருவி வந்து இவ்வித்தையைப் பிறப்பிக்கவில்லை. வித்தை அறிந்தோர் கையில் அது சிறந்தது, அவ்வளவே.

இன்றைய மாணவனிடம் இருப்பதென்ன என்று இனிக் காண்போம். பழைய மடிக்கணினி ஒன்று பலரிடத்தும் உளது; இல்லாதோர்க்கு நண்பனுடையது கிடைக்கும். மிக்ஸ் என்னும் மென்பொருள் (ஆங்கிலத்தில் ஈற்றில் எக்ஸ் எழுத்து மும்முறை வரும்) 2001 முதல் வளர்ந்துவருவது, காசின்றிப் பெறத்தக்கது, விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்குவது. திரையில் இரண்டு சுழல்தட்டுகளையும் நடுவே ஒரு மிக்சரையும் அது காட்டும். கணினியின் எழுத்துப்பலகையே கைப்பிடியாகும். ஹெர்க்கிடம் இருந்ததனினும் ஃபிளாஷிடம் இருந்ததனினும் மிகுதியான வசதி இது. முதல் மூன்று திங்களுக்கு இதற்குமேல் ஒரு காசும் செலவிட வேண்டுவதில்லை என்பது என் உறுதியான கருத்து. விசைப்பலகையில் தட்டிப் பழகுவது கைக்கு இன்பமாயிராது என்பது உண்மையே. அவ்வின்பக் குறைவையும் பொறுத்து மூன்று திங்கள் ஒருவன் பயில்வானாயின், அவனுக்கு இவ்வித்தையில் உண்மையான விருப்பமுண்டென்று அவனும் அறிவான், அவன் தந்தையாரும் அறிவார்.

அம்மூன்று திங்களிலும் பயிலவேண்டியது கணக்கு. ஆடற்குரிய மேனாட்டு இசையில் பெரும்பகுதி நான்கு நான்கு அடிகளாக நடப்பது. எட்டு நான்குகள், அதாவது 32 அடிகள், ஒரு வாக்கியம் போல அமைந்து, அதன் முடிவிலே புதிய குரலோ வாத்தியமோ புகும். நிமிடத்திற்கு 120 அடி செல்லும் பாட்டில் அவ்வாக்கியம் சரியாக 16 நொடி. ஆதி தாளம் போட்டறிந்த பிள்ளைக்கு இஃது ஒரு புதுமையன்று. எட்டு அட்சரத்தை நான்கு ஆவர்த்தனம் எண்ணினால் 32 ஆயிற்று. பாட்டு வகுப்பில் தொடையில் தட்டிய கை வீண்போகவில்லை. ஒரு பாட்டின் வாக்கியம் முடியுமிடத்தில் மற்றொரு பாட்டின் வாக்கியம் தொடங்குமாறு இணைத்தலே பிணைப்பின் உயிர். வேகம் ஒத்திருந்தும் வாக்கியம் ஒவ்வாவிடின், ஒருவர் பேச்சை முடிக்குமுன் மற்றொருவர் குறுக்கிட்டாற்போலக் காதை உறுத்தும்.

அடுத்தது வேகத்தை ஒத்திசைத்தல். ஒரு பாட்டு நிமிடத்திற்கு 124 அடி, அடுத்தது 128 அடியெனின், முன்னதை நூற்றுக்கு 3.2 பங்கு விரைவுபடுத்தினால் இரண்டும் ஒக்கும். சிறு வேற்றுமையும் பொல்லாதது. 120 அடியில் ஒன்றும் 120½ அடியில் மற்றொன்றும் ஒருங்கே தொடங்கினால், ஒரு நிமிடம் கழிந்தபின் ஒன்று அரை அடி முந்திநிற்கும். அப்போது எழும் ஓசை, இரண்டு குதிரைகள் கற்றளத்தில் தாறுமாறாக ஓடுவதை ஒக்கும். வேகத்தை மாற்றினால் சுருதியும் உடன் மாறும் என்பதையும் அறிதல் வேண்டும். ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு விரைவுபடுத்தினால் சுருதி அரைத்தானம் ஏறிவிடும். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும் வசதி மென்பொருளில் உண்டாயினும், அளவு மிகுந்தால் பாடகர் குரல் தகரத்தில் அடித்தாற்போலாகும்.

இவ்விடத்தில் ஒரு பொத்தானைப்பற்றிக் கூறல் வேண்டும். சிங்க் எனப்படும் அப்பொத்தானை அழுத்தினால், இரண்டு பாட்டுகளின் வேகத்தையும் கணினியே ஒன்றாக்கிவிடும். அதனைத் தீண்டுவதே இழிவென்று கூறும் பழமைவாதிகளும் உளர். அதுவிருக்கக் காது எதற்கு என்று கேட்கும் புதுமைவாதிகளும் உளர். யான் இரு திறத்தாரோடும் முற்றும் உடன்படேன். கணினியால் செய்விக்கக்கூடியதைச் செய்வித்துக்கொண்டு, மீந்த கவனத்தைப் பாட்டின் தெரிவில் செலுத்துவது குற்றமன்று. ஆனால் அப்பொத்தான் எதனை நம்பி வேலை செய்கின்றது என்பதை அறியவேண்டும். பாட்டின் அடிகள் யாவும் சமதூரத்தில் விழுகின்றன என்று எண்ணி, அதன்மேல் ஒரு கட்டத்தை வரைந்துகொண்டே அது வேகத்தை ஒப்பிடுகின்றது. கணினியில் ஆக்கப்பெற்ற இக்காலத்துப் பாட்டுக்கு அது பொருந்தும். மனிதர் கூடியமர்ந்து கையால் முழக்கி ஒலிப்பதிவு செய்த பழைய பாட்டுகளில், உணர்ச்சி ஏறும்போது தாளமும் சிறிது ஏறும். சரணம் திரும்பும்போது சிறிது தளரும். ஹெர்க் இட்ட தட்டுகளும் அத்தகையனவே. 1970-களிலும் 1980-களின் முற்பகுதியிலும் வந்த நம் திரைப்பாடல்களில் மிகப்பலவும் அத்தகையனவே. நம் விழாக்களில் கூட்டத்தை எழுப்புவன அப்பாடல்களன்றோ? அவற்றின்மேல் இக்கட்டத்தை விரித்தால், முதல் நிமிடத்தில் ஒத்து, இரண்டாம் நிமிடத்தில் வழுவும். அப்போது பொத்தானை மட்டும் அறிந்தவன் திரையைப் பார்த்து விழிப்பான். காதைப் பழக்கியவன் விரலால் மெல்லத் தள்ளித் திருத்துவான். விலையுயர்ந்த கருவி வாங்கியவனுக்கும் இவ்விடத்தில் வேறு துணையில்லை. ஆகவே திரையில் காணும் வேக எண்ணைத் தாளொன்றால் மறைத்துவிட்டு, நாள்தோறும் அரைமணி நேரம் காதாலேயே ஒத்திசைக்கப் பயில்க. பொத்தானைப் பிறகு வேண்டுமட்டும் அழுத்தலாம்.

காதைப்பற்றிப் பேசும்போது, சிக்கனம் செய்யலாகாத ஒரு பொருளைக் கூறுகின்றேன். அது ஹெட்போன். காதை முற்றும் மூடுவதாயும், கம்பி உடையதாயும், கம்பி அறுந்தால் மாற்றத்தக்கதாயும் இருத்தல் வேண்டும். கம்பியில்லாத புளூடூத் வகை, பயணத்தில் பாட்டுக் கேட்க நன்று, இதற்கு ஆகாது. அதன்வழி வரும் ஒலி, பெரும்பாலும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ பிந்தி வரும். நிமிடத்திற்கு 120 அடியெனின் ஒவ்வோர் அடிக்கும் இடையே அரைநொடியே உண்டு. அதில் இத்துணைப் பிந்தினால் தாளம் எங்ஙனம் ஒக்கும்? கணினியில் ஒலி வெளிவரும் துளை ஒன்றே உளது, கூட்டத்தார்க்கு ஒன்றும் தனக்கு ஒன்றுமாக இரண்டு ஒலி வேண்டுமே என்று சிலர் ஐயுறுவர். இடப்புறத்து ஒலியை ஒலிபெருக்கிக்கும் வலப்புறத்து ஒலியை ஹெட்போனுக்கும் பிரித்துக்கொடுக்கும் பிரிப்புக் கம்பி சிறுவிலைக்குக் கிடைக்கின்றது; மேற்கூறிய மென்பொருளும் அவ்வாறு பிரித்தனுப்ப வல்லது. இசையின் இருபுற விரிவு குன்றுமெனினும் பயிற்சிக்கு அது போதும். ஃபிளாஷ் தாமே இணைத்துக்கொண்ட அவ்விசைக்கு நேரான பொருள் இன்று இவ்வளவு மலிவு!

மூன்று திங்களும் கழிந்து ஆசை தணியாதிருப்பின், கன்ட்ரோலர் எனப்படும் இருதட்டுக் கருவியொன்றை வாங்குக. அதிலும் புதியதே வேண்டுமென்பதில்லை. பயனியர் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட டி.டி.ஜே. 400 போன்ற தொடக்கநிலைக் கருவிகள், மேலும் உயர்ந்ததை நாடிச் செல்வோரால் விற்கப்படுகின்றன. ஹெர்குலிஸ் நிறுவனத்தாரின் இன்பல்ஸ் வகைக் கருவிகளில், வேகத்தைக் கூட்டவேண்டுமா குறைக்கவேண்டுமா என்று காட்டும் சிறு விளக்குகள் உள. நடைவண்டி போல அவை சிறிதுகாலம் உதவும். பழைய கருவியை வாங்குவோன் அதன் தோற்றத்தைப் பார்த்து மயங்கலாகாது. நடுவிலுள்ள நழுவுகோலை ஒரு கோடிக்குத் தள்ளி, மறுபுறத்துப் பாட்டு முற்றும் ஒழிகின்றதா என்று கேட்க. ஒழியாது கசியுமாயின் அது தேய்ந்தது. குமிழ்களைத் திருகும்போது கரகரப்பு எழுகின்றதா என்று நோக்குக. கணினியோடு இணைக்கும் துளையைச் சிறிது அசைத்துப் பார்க்க; இணைப்பு விட்டுவிட்டு வந்தால் வாங்கற்க. தன் மடிக்கணினியையே உடன் கொண்டுசென்று, கால்மணி நேரம் இயக்கிப் பாராமல் பணம் கொடுத்தலாகாது. மாதத் தவணையிற் புதியதை வாங்குவதைப்பற்றி என் கருத்து கடுமையானது. சம்பாத்தியமில்லாத மாணவன் எடுக்கும் தவணைக்கடனை அவன் கட்டுவதில்லை, வீட்டார் கட்டுகின்றனர். இரண்டு மூன்று நண்பர் கூடி ஒரு கருவியைப் பொதுவில் வாங்கி, நாள் வகுத்துப் பயில்வது எவ்வளவோ மேல். ஒருவன் பிணைக்க மற்றவர் கேட்டுக் குறைகூறுவதால், ஆசிரியர் இல்லாத குறையும் ஒருவாறு நீங்கும்.

மீந்த பணத்தைப் பாட்டில் செலவிடுக. இதில் நம் இளைஞர் செய்வது நேர்மாறு. நாற்பதாயிரத்திற்குக் கருவி, பாட்டுக்கோ ஒரு காசுமில்லை. எங்கோ கிடைத்த மட்டமான படியை நிகழ்ச்சியில் இட்டால், அறையில் நன்றாகக் கேட்டது, பெரிய ஒலிபெருக்கியில் மணலை வாரியிறைத்தாற்போல ஒலிக்கும். நொடிக்கு 320 கிலோபிட் அளவிலுள்ள கோப்புகளையே தேடுக. நான்கு நிமிடப் பாட்டு ஆயிரம் சேர்ந்தாலும் 10 ஜிகாபைட்டுக்கு மேற்படாது. ஆனால் ஆயிரம் வேண்டா. முதலில் நூறு போதும். அந்நூற்றிலும் குரல் எந்த நொடியில் தொடங்கும், தாளம் எங்கே ஓயும், எங்கே திடீரென முடியும் என்பதை, கணக்கரின் பேரேடு போலக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். திங்கட்சந்தா கட்டி இணையத்தினின்றும் நேரே ஒலிக்கச் செய்யும் வழியுமுண்டு. அது வாடகை வீடு. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2020-இல் தன் பாட்டுகளை டி.ஜே. மென்பொருள்களினின்றும் விலக்கிக்கொண்டு, 2025-இல்தான் மீண்டும் சிலவற்றிற்கு இசைந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில், அதனையே நம்பியிருந்தவர் தம் பாட்டுத் தொகுப்பை வேறெங்கோ புதிதாகத் தேடவேண்டியதாயிற்று. மேலும், விழா நடக்கும் மைதானத்தில் இணையம் இயங்குமென்பதற்கு யார் பிணை?

ஒலிபெருக்கியை விலைக்கு வாங்குதல் வேண்டவே வேண்டா. வீட்டில் பயில எந்தச் சிறு பெட்டியும் போதும். நிகழ்ச்சி வாய்த்தால் ஊரிலுள்ள சவுண்ட் சர்வீஸ்காரரிடம் வாடகைக்கு எடுக்கலாம். அவரை வெறும் வாடகைக்காரராக எண்ணாது, முன்னதாகவே சென்று பெட்டி இறக்கவும் கம்பி இழுக்கவும் உதவுக. எந்தக் கம்பி எங்குச் சேரும், இரைச்சல் ஏன் எழுகின்றது, மைக் ஏன் ஊளையிடுகின்றது என்பவற்றை ஒரே மாலையில் அவரிடம் கற்கலாம்; இக்கல்விக்குக் கட்டணம் ஒரு தேநீரே.

ஒலியின் அளவைப்பற்றியும் ஒன்று கூறியாகவேண்டும். ஏனெனில் இவ்வித்தையில் மீண்டும் வாங்க இயலாத கருவி காதொன்றே. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்நேரம் பாதியாகும். 94-இல் ஒருமணி, 100-இல் கால்மணியே. ஆடுகளத்து ஒலி 100-ஐ எளிதிற் கடக்கும். நான்கு மணி நேரம் அதன் முன் நிற்பவன் காதடைப்பான் அணிதல் கோழைத்தனமன்று. சிறுவிலைப் பொருள் அது; ஹெட்போனுக்கு அடுத்தபடி வாங்கவேண்டுவதும் அதுவே.

சட்டத்தைப்பற்றிச் சிலர் வினவுகின்றனர். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் (1957) 52-ஆம் பிரிவின்படி, கல்வி நிலையத்தின் செயற்பாடுகளின்போது மாணவர், அலுவலர், பெற்றோர், நிலையத்தோடு தொடர்புடையோர் ஆகியோர் மட்டும் கேட்க ஒலிப்பதிவை இசைத்தல் உரிமைமீறலாகாது. ஆகவே விடுதி நாளும் துறைவிழாவும் தொடக்கக்காரனுக்கு ஏற்ற களங்கள். கட்டணம் வைத்து ஊராரை அழைத்தாலோ, உணவகத்தில் இசைத்தாலோ, உரிமம் பெறவேண்டும். அப்பொறுப்பு யாருடையதென்று ஒப்புக்கொள்ளுமுன் கேட்டறிக. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி, திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி இயக்கலாகாது. அரசு ஆண்டில் 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாமெனினும், அத்தளர்வு விடுதி நாளுக்கும் உண்டென்று எண்ணிவிடலாகாது. எனவே இறுதிப் பாட்டு 10 மணிக்குச் சில நிமிடம் முன்னரே முடியுமாறு நிரலை அமைத்துக்கொள்க. கம்பிகளைச் சுருட்டுமுன், எந்தப் பாட்டில் கூட்டம் எழுந்தது, எதில் அமர்ந்தது, எந்த இணைப்பில் தாளம் தட்டிற்று என்பவற்றை அந்தக் குறிப்பேட்டிலேயே, நினைவு மங்காதிருக்கையில், குறித்துவைத்துக்கொள்க.